நாயின் மூப்பும் தனவந்தர் தருமமும்

சென்ற மாதம் எமது வாசகர் வட்டத்தில் நண்பர் ஒருவர் பத்திரிகைச் செய்தியொன்றை உரக்க வாசித்தார். வீட்டு நாய்கள் நோய்நொடி குறைந்து மூப்படைய வழியுண்டா என ஆராய்ந்துவரும் அமெரிக்க விஞ்ஞானிகள், அரசாங்கப் பணம் கைநழுவிய காரணத்தால் தரும நிதியொன்றை நிறுவி, பொதுமக்களிடமும் தனவந்தரிடமும் கையேந்த நேர்ந்த கதை அது. அவர் வாசித்து முடிப்பதற்குள் சிரிப்பொலி எழுந்துவிட்டது. "பிள்ளைக்குப் பாலில்லாத உலகத்தில் நாய்க்கு ஆயுள் விருத்தியா?" என்றார் ஆசிரியர் ஒருவர். "முதலாளித்துவம் கிழடு தட்டிவிட்டது, அதன் நாய்க்கும் கிழடு தட்டுகிறது" என்றான் சர்வகலாசாலை மாணவன் ஒருவன். மூன்றாமவர் சற்று வயது முதிர்ந்தவர். அவர் சிரிக்கவில்லை. "அங்கே பணமுள்ளவன் நல்ல காரியத்துக்குக் கொடுக்கிறான். இங்கே கோயில் கோபுரத்துக்கன்றி எவன் கொடுக்கிறான்?" என்று பெருமூச்செறிந்தார்.

நானும் சிரித்தவர்களுள் ஒருவன். வீடு திரும்பி அவ்வாராய்ச்சி பற்றிக் கிடைத்தவற்றைப் படித்தபின்னரே, அன்று சிரித்தவர்களும் தவறினர், பெருமூச்செறிந்தவரும் தவறினார் என்பது எனக்குப் புலனாயிற்று. இவ்விரு தவறுகளும் எமது முற்போக்கு வட்டாரங்களில் அடிக்கடி தலைகாட்டுபவை. ஆதலின் அவற்றைப் பகிரங்கமாக வழக்குக்கு இழுப்பது அவசியமெனக் கருதுகிறேன்.

முதலில் ஆராய்ச்சி யாது என்பதைப் பார்ப்போம். 'நாய் மூப்புத் திட்டம்' எனப் பெயரிய இம்முயற்சியை வாஷிங்டன் சர்வகலாசாலையையும் ரெக்சாஸ் ஏ அன்ட் எம் சர்வகலாசாலையையும் சேர்ந்த டானியல் புரோமிஸ்லோ, மற் கேபர்லைன், கேற் கிரீவி முதலிய விஞ்ஞானிகள் 2014 ஆம் ஆண்டளவில் தொடக்கிவைத்தனர். 2018 இல் அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய மூப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதற்குப் பெருந்தொகை மானியம் வழங்கிற்று. அந்நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து 50,000 க்கும் அதிகமான நாய்கள் பதிவு செய்யப்பட்டன. அவை கூண்டிலடைத்த நாய்களல்ல. தத்தம் வீட்டிலேயே வாழ்கின்றன. வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் நீண்ட வினாக்கொத்துகளுக்கு விடையெழுதுகின்றனர். நாய் என்ன தின்கிறது, எவ்வளவு நடக்கிறது, எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, வீட்டில் புகைப்பவர் உண்டா, உறக்கம் எப்படி, பழகிய முகத்தை மறக்கிறதா என்றெல்லாம் அவை கேட்கின்றன. கூலி வாங்காமல் பல்லாயிரவர் இப்படி எழுதிக் கொடுத்தது சாதாரண விடயமன்று. திரட்டிய தரவுகளைப் பிற ஆராய்ச்சியாளரும் எடுத்தாளும் வண்ணம் திறந்து வைத்தனர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எதற்காக நாய்? மூப்புப் பற்றிய எமது அறிவிற் பெரும்பகுதி எலியிலிருந்து வந்தது. ஆய்வுகூட எலியோ ஒரே இனத்தில் பிறந்து, ஒரே தீனியைத் தின்று, ஒரே வெப்பநிலையில் வளர்ந்து, வெளிக்காற்றை ஒரு நாளும் சுவாசிக்காமல் சாகிறது. அதன் முதுமை கூண்டின் முதுமை. நாய் அப்படியன்று. மனிதன் சுவாசிக்கும் புகையை அது சுவாசிக்கிறது. மனிதன் குடிக்கும் நீரைக் குடிக்கிறது. மனிதனுக்கு வரும் புற்றுநோயும் இருதய நோயும் மூட்டுவாதமும் அறிவுமயக்கமும் அதற்கும் வருகின்றன. ஆயின் எழுபது ஆண்டுகளில் மனிதனுக்கு நிகழ்வது நாய்க்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. ஆராய்ச்சியாளன் தன் வாழ்நாளுக்குள்ளேயே ஒரு தலைமுறையின் பிறப்பு முதல் இறப்பு வரை பார்த்துவிடலாம்.

இனி, சிரித்த நண்பர்கள் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டிய ஓரிடத்துக்கு வருவோம். 2023 இல் இத்திட்டத்தின் தரவுகளைக் கொண்டு ஆய்வொன்று வெளியாயிற்று. 21,000 க்கும் மேற்பட்ட நாய்களின் உடல்நலத்தை, அவை வாழும் வீட்டின் சமூக நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். பணமுடையும் குடும்ப நெருக்கடியும் உள்ள வீடுகளில் நாய்களின் உடல்நலம் குன்றியிருந்தது. வறுமை மனிதனின் உடலோடு நின்றுவிடவில்லை. அவன் காலடியில் படுத்திருக்கும் நாயின் உடலிலும் ஏறிவிட்டது. அதே ஆய்வில் இன்னொரு விநோதம். கூடிய வருமானமுள்ள வீட்டு நாய்களுக்கு அதிக நோய்கள் இருப்பதாகப் பதிவாகியிருந்தது! செல்வனின் நாய் நோயாளி என்றா கொள்வது? மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லப் பணமுள்ளவனின் நாய்க்கே நோய் கண்டறியப்படுகிறது. மற்றதன் நோய்க்குப் பெயரே கிடைப்பதில்லை. எமது நாட்டு ஆஸ்பத்திரிப் புள்ளிவிபரங்களை வாசிப்போருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வேறு நாய்களோடும் பிராணிகளோடும் கூடி வாழும் நாய் நலமாக இருக்கிறது என்பதும், அக்கூட்டுறவின் விளைவு பணத்தின் விளைவிலும் ஏறக்குறைய ஐந்து மடங்கு வலியது என்பதும் அவ்வாய்வின் மற்றொரு முடிபு.

வர்க்கமென்பது புத்தகத்திலுள்ள சொல்லன்று, உடம்பிலே எழுதப்படும் எழுத்து என்று நாம் காலங்காலமாக மேடையிற் பேசி வருகிறோம். அதனை வாயில்லாப் பிராணியின் உடம்பிற் கண்டு கணக்கெடுத்துத் தந்த ஆராய்ச்சியை நாமே எள்ளி நகையாடினால், யாருக்கு இலாபம்?

"ஆயினும் மக்கள் பசித்திருக்க நாய்க்கு ஆராய்ச்சி முறையோ?" என நண்பர்கள் மீண்டும் கேட்கக்கூடும். அவர்களுக்கு அவர்கள் மதிக்கும் வரலாற்றிலிருந்தே ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறேன்.

1921 ஜனவரி. உள்நாட்டுப் போர் ஓய்ந்தும் ஓயாத ருஷ்யா. பெத்ரோகிராத் நகரில் ரொட்டிக்கும் விறகுக்கும் பஞ்சம். பாவ்லோவின் ஆய்வுகூடத்து நாய்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தன. பாவ்லோவோ போல்ஷெவிக்குகளை வெளிப்படையாகக் கண்டித்தவர். நாட்டை விட்டே போய்விட அனுமதி கேட்டவர். அவ்வேளையில், ஜனவரி 24 ஆம் திகதி, லெனின் ஒப்பமிட்டு ஓர் ஆணை பிறந்தது. பாவ்லோவும் அவருடைய துணைவர்களும் ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு ஏற்ற வசதிகளைச் செய்து கொடுக்குமாறு அது பணித்தது. மாக்சிம் கோர்க்கியை உள்ளிட்ட குழுவிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தது. விஞ்ஞானிக்கும் அவர் மனைவிக்கும் இரட்டைப் பங்கீட்டு உணவு வழங்கச் சொன்னது. பஞ்சத்திடையே நாய் ஆராய்ச்சிக்குப் பங்கீடு! அன்றும் எவராவது சிரித்திருப்பர். 1935 இல் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் முற்றத்தில் நாய்க்கென ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டது. பாவ்லோவின் நாய்கள் கத்திக்கு இரையானவை என்பதை நான் மறைக்கவில்லை. அச்சின்னம் ஓரளவு குற்றவுணர்வின் சின்னமுங்கூட. நான் சொல்ல வந்தது அதுவன்று. ரொட்டியா விஞ்ஞானமா என்ற கேள்வியை அந்த ஆணை அப்படிக் கேட்கவேயில்லை. இரண்டையும் மக்களின் அரசே கொடுக்க வேண்டுமென்று அது எடுத்துக்கொண்டது.

அதே பாவ்லோவின் ஆய்வுகூடம் புரட்சிக்கு முன் எப்படி ஓடிற்று என்பதையும் பாருங்கள். நாயின் இரைப்பை நீரைச் சுத்திகரித்து, அசீரண மருந்தென விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு செலவை ஈடுசெய்தனர். 1893 இல் வெடிமருந்துச் செல்வர் அல்பிரட் நோபல் 10,000 ரூபிள் நன்கொடை அளித்தார். பாவ்லோவின் ஆய்வுகூடம் விரிவு பெற்றது அப்பணத்தாலே. கூடவே நோபல் ஒரு கேள்வியையும் அனுப்பினார்: திடகாத்திரமான மிருகத்தின் இரத்தத்தை ஏற்றினால் நலிந்த உடல் தேறுமா என்று பார்ப்பீர்களா? கொடையாளருக்கு அப்பொழுது அறுபது வயதளவில். உடல்நலம் குன்றத் தொடங்கியிருந்தது. நாய் ஆராய்ச்சிக்கான தருமமும் செல்வரின் முதுமை அச்சமும் அன்றே கைகோத்துக்கொண்டன என்பது வேடிக்கையான செய்தி. நோபலைக் குறை சொல்லவில்லை. அவர் நிபந்தனை விதிக்கவில்லை, கேட்கத்தான் செய்தார். எல்லாச் செல்வரும் அத்தோடு நிற்பதில்லை.

இப்பொழுது பெருமூச்செறிந்த பெரியவருக்கு வருகிறேன். அவரே எனக்கு முக்கியமான எதிர்வாதி. சிரிப்பவனைத் திருத்திவிடலாம்; தருமத்தை வியப்பவனைத் திருத்துவது கடினம். தருமம் தலைகாக்கும் என்று பாலோடு புகட்டப்பட்ட சமூகமல்லவா நாம்?

2018 முதல் இத்திட்டத்துக்கு அரசாங்க நிறுவனம் கொடுத்தது 2.8 கோடி டொலருக்கும் மேல். திட்டத்தின் செலவிற் பெரும்பங்கு அதுவே. 2023 இன் இறுதியில், இந்த மானியம் புதுப்பிக்கப்படுவது ஐயமே என ஆராய்ச்சியாளருக்குத் தெரிவிக்கப்பட்டது. விண்ணப்பங்கள் பல, பணம் ஒன்று. எல்லோருக்கும் கொடுக்க இயலாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயின் வேறு பல ஆராய்ச்சிகளை இரண்டாண்டு நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கலாம். உயிரோடு மூப்படைந்துகொண்டிருக்கும் ஐம்பதினாயிரம் நாய்களை எந்தப் பெட்டியில் பூட்டி வைப்பது? ஆராய்ச்சியாளர் நாய் மூப்புக்கென ஒரு தரும ஸ்தாபனத்தை நிறுவி நன்கொடைக்குப் புறப்பட்டது இந்த நிர்ப்பந்தத்தினாலேயே. ஆண்டொன்றுக்கு 80,000 கோடி டொலருக்கு மேல் யுத்தத் தளபாடத்துக்கும் படைக்கும் செலவிடும் ஒரு வல்லரசு, தன் விஞ்ஞானிகளை உண்டியல் குலுக்க விட்டது.

மகாபாரத முடிவில் தருமபுத்திரன், தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகேன் என்று நின்றான். அந்த நாயே தருமதேவதை என்பது கதை. அன்று தருமம் நாயுருவில் வந்தது. இன்று அது காசோலை உருவில் நாயைத் தேடி வருகிறது. இந்தக் காசோலையில் ஒப்பமிடும் கை எத்தகையது?

நியூ யோர்க் நகரின் ஹோட்டல் சீமாட்டி லியோனா ஹெல்ம்ஸ்லியின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. 1989 இல் வருமானவரி ஏய்ப்புக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் அவர். வரி கட்டுவது சிறிய மனிதர்களின் வேலை, எங்களுடையதன்று என்று அவர் சொன்னதாக வீட்டுப் பணிப்பெண் ஒருவர் நீதிமன்றத்திலே சாட்சி சொன்னார். 2007 இல் இறந்தபோது தமது சிறிய மால்டீஸ் நாய்க்கு 1 கோடி 20 இலட்சம் டொலரை எழுதி வைத்திருந்தார். பேரப்பிள்ளைகள் இருவருக்கு ஒன்றுமில்லை. நாயின் பெயர் 'டிரபிள்', அதாவது 'தொல்லை'. நீதிபதி அத்தொகையை 20 இலட்சமாகக் குறைத்தார். நாய் 2010 இல் இறந்தது. இது பத்திரிகைகள் சிரித்து மகிழ்ந்த பகுதி. சிரிப்புக்கிடமில்லாத பகுதி இனித்தான் வருகிறது.

அம்மையாரின் அறக்கட்டளைச் சொத்தின் பெறுமதி 500 முதல் 800 கோடி டொலர் வரை என மதிப்பிடப்பட்டது. அதன் நோக்கங்களாக முதலில் இரண்டு எழுதப்பட்டிருந்தன என்றும், ஒன்று ஏழைகளுக்கு உதவுதல், மற்றொன்று நாய்களின் பராமரிப்பு என்றும், ஓராண்டின் பின் ஏழைகளை அவர் வெட்டிவிட்டார் என்றும் 2008 இல் பத்திரிகைகள் எழுதின. ஒரு பேனாக் கீறல்! 2009 இல் நீதிமன்றம், தர்மகர்த்தாக்கள் தமக்கு உகந்த நற்காரியங்களுக்குப் பணத்தைக் கொடுக்கலாமெனத் தீர்ப்பளித்தது. பெரும்பகுதி ஆஸ்பத்திரிகளுக்கும் வைத்திய ஆராய்ச்சிக்கும் சென்றது. நாய்களுக்குக் கிடைத்தது அற்பமே. பிராணிநல ஸ்தாபனங்கள் வழக்காடின. முடிவு நல்லதாகத்தானே ஆயிற்று என்பார் எமது பெரியவர். ஆம், இம்முறை நல்லதாக ஆயிற்று. ஆனால் ஏழையா நாயா, ஆஸ்பத்திரியா ஆய்வுகூடமா என்பதை ஒரு கிழவியின் பேனாவும், அவள் தேர்ந்த சில தர்மகர்த்தாக்களும், ஒரு நீதிபதியுமே முடிவு செய்தனர். அந்த ஹோட்டல்களில் கட்டில் விரித்தவர்களையும் தரை துடைத்தவர்களையும் எவரும் கேட்கவில்லை.

இன்னுமொன்று. அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு. செல்வன் நூறு டொலர் கொடுக்கும்பொழுது, அரசாங்கத்துக்குச் சேரவேண்டிய வரியில் ஒரு பகுதி அதனுள்ளே இருக்கிறது. பொதுப் பணத்தின் ஒரு பங்கைத் தன் விருப்பப்படி செலவிடும் உரிமையை அவன் பெறுகிறான்; பெயரும் அவனுக்கே. பொதுப் பணத்தைப் பொதுமக்களின் பிரதிநிதிகள் ஒரு விஞ்ஞானிக்குக் கொடுத்தால் 'செலவு' என்பார்கள். அதே பணம் செல்வனின் கையைச் சுற்றி வந்தால் 'கொடை'.

இது தூரதேசத்து விவகாரம் என்று எண்ணவேண்டாம். சுகாதாரத் தருமத்தை நாமும் அறிவோம். 1916 ஆம் ஆண்டளவில் றொக்பெல்லர் ஸ்தாபனம் இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பை ஆரம்பித்தது. மலைநாட்டுத் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி மருந்து கொடுத்தார்கள். புழு விழுந்தது. ஆனால் மலகூடம் கட்டுவது தோட்டத்துரையின் செலவு. அதில் அவருக்கு அவசரமிருக்கவில்லை. வெறுங்காலுடன் அதே மண்ணை மிதித்தவர்களுக்குப் புழு மீண்டும் ஏறிற்று. மருந்து கொடுத்த தருமம், மண்ணை மாற்றக்கூடிய அதிகாரத்தோடு மோத விரும்பவில்லை. 1926 இல் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பிரிவுக்கும் அதே ஸ்தாபனம் துணை நின்றது என்பதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும். எனினும் அத்தகைய பிரிவுகள் நாடெங்கும் பரவி நிலைத்தது அவற்றை அரசாங்கம் தன் கடமையாக ஏற்றபின்னரே.

நாய் ஆராய்ச்சிக்குத் திரும்புவோம். தருமத்தின் பலவீனம் மிகத் தெளிவாகத் தெரியுமிடம் ஒரு மருந்தின் வரலாறு.

1964 டிசெம்பரில் கனடாவிலிருந்து ஒரு வைத்திய ஆராய்ச்சிக் குழு பசிபிக் மாகடலின் நடுவேயுள்ள ராப்பா நூயி தீவுக்குச் சென்றது. ஈஸ்டர் தீவு என்று வெள்ளையர் பெயரிட்ட தீவு அது. தீவு மக்கள் சிலி நாட்டுக் கடற்படையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தனர், குடியுரிமை அற்றவர்கள். தீவின் பெரும்பகுதி 1953 வரை ஓர் ஆங்கிலேயக் கம்பனியின் செம்மறிப் பண்ணையாக இருந்தது. குழு அங்கிருந்த அதே நாட்களில் அல்போன்சோ ராப்பு என்ற இருபத்திரண்டு வயது இளைஞரின் தலைமையில் மக்கள் உரிமை கோரி எழுந்தனர். அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை இச்சஞ்சிகையின் வாசகர்கள் கவனிப்பார்களாக. 1966 இல் அம்மக்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. ஆராய்ச்சிக் குழுவோ அவர்களின் இரத்தத்தையும் அவர்கள் தீவின் மண்ணையும் சிறு சிறு குப்பிகளில் அடைத்துக்கொண்டு ஊர் திரும்பிற்று.

அந்த மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து மொன்றியல் நகரத்து மருந்துக் கம்பனியொன்றில் பிரித்தெடுக்கப்பட்டதே ராப்பமைசின். தீவின் பெயரே மருந்தின் பெயர். அதனை முன்னின்று ஆராய்ந்தவர் பஞ்சாபிலே பிறந்த சுரேந்திரநாத் சேகல். 1980 களின் தொடக்கத்தில் கம்பனி அந்த ஆய்வுகூடத்தை மூடிற்று. இலாபம் தெரியாத ஆராய்ச்சி வேண்டாமென்றது. நாய் பெற்ற தெங்கம்பழம் போல, தானும் பயன்படுத்தாது பிறருக்கும் கொடாது வைத்திருந்தது. சேகல் அந்நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். 1999 இல் அது சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது. பிறகு பணம் குவிந்தது. மண்ணைக் கொடுத்த தீவு மக்களுக்கு அதிலே பங்கில்லை.

2009 இல் அரசாங்கப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியொன்று, முதிய எலிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்தால் அவற்றின் ஆயுள் நீள்கிறது எனக் கண்டது. நாயிலும் அப்படியா என்று பார்க்கும் பரிசோதனையே நாய் மூப்புத் திட்டத்தின் மிக முக்கியமான கிளை. ஏறத்தாழ 580 நாய்களை அதிற் சேர்ப்பது குறிக்கோள். இத்தகைய பரிசோதனைக்கு மருந்துக் கம்பனிகள் முண்டியடித்து வரவேண்டாமா? வரவில்லை. காரணம் எளிது. ராப்பமைசினின் காப்புரிமை காலாவதியாகிவிட்டது; எவரும் செய்து விற்கலாம். அது பலிக்கிறதென நிரூபிப்பவன் செலவு செய்வான். விற்பவன் வேறொருவனாக இருப்பான். மலிவான மருந்து என்பதே அதன் குற்றமாகிவிட்டது.

இதற்கு நேரெதிராக, சான் பிரான்சிஸ்கோவில் லோயல் என்ற கம்பனி நாய்களின் ஆயுளை நீட்டத் தன் சொந்த மருந்துகளை உருவாக்கி வருகிறது. முதலீட்டாளர்கள் அதற்குக் கோடிக்கணக்கில் பணம் இட்டனர். 2023 நவம்பரில் அரசாங்க மருந்து நிர்வாகம் அதன் மருந்தொன்று பலிக்குமென எதிர்பார்க்க நியாயமுண்டு என்று கூறியது. 2025 பெப்ரவரியில் மற்றொரு மருந்துக்கும் அவ்வாறே கூறியது. அக்கம்பனியின் விஞ்ஞானிகள் திறமைசாலிகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாய் என்னவோ ஒன்றுதான், மூப்பும் ஒன்றுதான். உடைமையாக்கக்கூடிய மாத்திரைக்கு மூலதனம் ஓடி வருகிறது. உடைமையாக்க முடியாத மாத்திரை உண்டியலோடு தெருவில் நிற்கிறது. இவ்விரண்டுக்குமிடையே தருமம் எவ்வளவு தூரம் பாலம் போடும்?

மாத்திரையே வேண்டாத அறிவின் கதி இன்னும் மோசம். பியூரினா என்ற நாய்த்தீனிக் கம்பனியே நடத்தி 2002 இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. 48 லாப்ரடோர் நாய்களில் பாதிக்கு மற்றப் பாதியைவிடக் கால்பங்கு குறைத்து உணவிட்டனர். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டாண்டுகள் அதிகம் வாழ்ந்தன. மூட்டு நோயும் பிந்தியே வந்தது. காசில்லாத மருந்து! தீனி விற்பவனின் பணத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டும், 'குறைவாக வாங்குங்கள்' என்று எந்த விளம்பரப் பலகை சொல்லப்போகிறது? இங்கிலாந்தில் 2022 இல் வெளியான ஆயுட்காலக் கணக்கின்படி, ஜாக் ரசல் நாய் பிறக்கும்போது எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் 12.7 ஆண்டு, பிரெஞ்சு புல்டோக் என்னும் சப்பை மூக்கு நாய்க்கு 4.5 ஆண்டு மாத்திரமே. அவ்வினம் அண்மையில் மோகம் பிடித்துப் பெருகியமையால் இளநாய்களே கணக்கில் மிகுந்திருக்கும். ஆகவே அந்த எண்ணைச் சற்று எச்சரிக்கையோடு கொள்ளவேண்டும். எனினும் மூச்சுவிடத் திணறும் முகத்தை அழகென்று விற்றுவிட்டு, அதே பிராணிக்கு நீண்ட ஆயுள் வேண்டித் தருமம் செய்வது விந்தையான பக்தி.

நாயா மனிதனா என்பது பொய்யான வழக்கு என்றேன். மெய்யான வழக்கு நாய்க்கும் நாய்க்கும் இடையில் உள்ளது. உலகத்து நாய்களிற் பெரும்பாலானவை வீட்டுக்குரியவையல்ல. ஆசிய ஆபிரிக்கத் தெருக்களிலும் கிராமங்களிலும் தாமே திரிபவை. விசர்நாய்க்கடியால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 மனிதர் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் இதைப் பெரும்பாலும் தடுக்கலாமென்பது பழைய செய்தி. தெருநாய்க்கு உயில் எழுதிவைக்கச் சீமாட்டி இல்லை. நாய் மூப்பு ஆராய்ச்சியிலும் அமெரிக்க வீட்டு நாயின் மூப்பே அளக்கப்படுகிறது. எமது சந்தியிற் படுத்திருக்கும் நாய் எத்தனை வயதில் கிழமாகிறது, எதனால் சாகிறது என்று எண்ணிப் பார்க்க எவரிடமும் ஒரு கொப்பிப் புத்தகம்கூட இல்லை. இதற்காக அமெரிக்க விஞ்ஞானிகளைக் குற்றஞ்சாட்டுவது அநியாயம். எமது சர்வகலாசாலைகளில் மிருக வைத்தியம் பயிலும் மாணவர்கள் தொடங்கக்கூடிய வேலை இது. நாலைந்து கிராமங்கள், ஒரு வினாக்கொத்து, பத்தாண்டுப் பொறுமை போதும். அதற்கு வேண்டிய பணம் அமைச்சரொருவரின் வாகனச் செலவிலும் குறைவாகவே இருக்கும்.

2024 இன் இறுதியில் ராப்பமைசின் பரிசோதனைக்கென 70 இலட்சம் டொலர் அரசாங்க மானியம் மீண்டும் கிடைத்தது. அக்கிளை பிழைத்தது தருமத்தால் அன்று என்பதை எமது பெரியவர் கவனிக்க வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டே, 2025 இல், அந்நாட்டு ஜனாதிபதியின் அரசாங்கம் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனங்களின் மொத்த நிதியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை வெட்ட வேண்டுமென முன்மொழிந்தது. செல்வரின் வரியைக் குறைத்த அதே ஆண்டு அது. வரியைக் குறைத்து, ஆராய்ச்சியைப் பட்டினி போட்டு, பின்பு அந்தச் செல்வரின் வாசலுக்கே விஞ்ஞானியை அனுப்பும் இந்த வட்டத்தைத் தருமம் என்று அழைக்கவே நான் மறுக்கிறேன்.

இவ்வளவையும் அடுத்த வாசகர் வட்டத்தில் சொன்னேன். முன்பு சிரித்த ஆசிரியர், "அப்படியானால் நன்கொடை கொடுக்கவேண்டாம் என்கிறீரா?" என்று கேட்டார். கொடுக்கிறவர் கொடுக்கட்டும் என்றேன். நாய் எம்மைவிட வேகமாக மூப்படைகிறது. திட்டம் தொடங்கிய காலத்தில் ஐந்து வயதாயிருந்து பதிவான நாய்களுக்கு இன்று பத்து வயதுக்கு மேல்; பல இறந்திருக்கும். பெயர் மறப்பதும் படியேறத் தயங்குவதும் வீட்டு வாசலைத் தவறவிடுவதும் தொடங்கும் வயது அது. ஆராய்ச்சிக்கு வேண்டிய ஆண்டுகள் இவையே. பணமில்லை என்று வினாக்கொத்து அனுப்பப்படாத ஆண்டில் அந்த நாய் எப்படி மூப்படைந்தது என்பதைப் பின்னர் எந்தக் கோடீசுவரன் வந்து எவ்வளவு கொடுத்தாலும் எழுதிக்கொள்ள முடியாது.